முப்பத்தேழாம் இலக்கம்

என் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை கட்டங்கள் கீறி இலக்கமிட்டிருந்தேன். ஒரு சித்திரக்கதைப் புத்தகம் கைக்கு வந்தால் அதற்குரிய கட்டத்தை நீல மையால் நிரப்புவேன். யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரேயொரு கட்டம்தான் வெள்ளையாக இருந்தது. முப்பத்தேழு.

நாங்கள் புங்குடுதீவு. ஐயாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை. இந்தியாவிலிருந்து மாதம் ஒன்றாக வந்த அந்தப் புத்தகங்களை அங்கே வாங்கிச் சேர்த்து வைத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவருவார். முப்பத்தேழாவதையும் வாங்கியவர்தான். ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை விடாமல் அழுததாம்.

"குடுத்தனான், உடனை வாயை மூடிட்டுது. வேறை ஒண்டு வாங்கலாம்தானே" என்றார்.

வாங்க முடியவில்லை. அறுபத்து நான்கோடு வரவே நின்றுவிட்டது. வெளியிலிருந்து புத்தகம் இறக்குவதை அரசாங்கம் கட்டுப்படுத்திய காலம் அது. என் சிநேகிதிகள் கவலைப்பட்டார்கள். எனக்கோ ஒரு விதத்தில் நிம்மதி. முடிவில்லாமல் நீண்டு போகும் வேலைக்கு ஓர் எல்லை கிடைத்துவிட்டது. இனி அந்த ஒன்றைத் தேடிப் பிடித்தால் தொகுதி முழுமையாகும். அதுவரை வேறு எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். இன்னொரு விதியும் வைத்திருந்தேன்: புத்தகம் வீட்டுப் படி தாண்டக் கூடாது. இரவல் கேட்டு வந்தவர்கள் எங்கள் விறாந்தையில் இருந்து வாசித்துவிட்டுப் போனார்கள். கையைக் கழுவச் சொல்லித்தான் கொடுப்பேன்.

எங்கள் அலுவலகத் தட்டெழுத்தாளர் நெடுந்தீவுக்காரி, என் வயதுதான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாக, தன் அண்ணனின் மனைவியிடம் கொமிக்ஸ் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது என்றாள். நான் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தவள் மேசைக்கு முன்னால் நின்று சிரித்தாள்.

"கிடக்கு. ஆனா மச்சாள் லேசிலை தரமாட்டா. நீரே வந்து கேளும்."

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எல்லோருமாகச் சரஸ்வதிக்குப் பூசை வைத்தோம். என் மூலைமட்டங்களையும் கவராயப் பெட்டியையும் படத்தின் முன் அடுக்கினேன். விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. அதுவரை அவற்றைத் தொடக் கூடாது. சனி ஞாயிறுகளில் வீட்டில் இருந்து, வீடு கட்டுவோருக்குப் படங்கள் வரைந்து கொடுக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. கருவிகள் பூசையில் இருந்ததால் அந்த வாரம் வேலை இல்லை. இதைவிட நல்ல சமயம் வராது என்று எண்ணி, மாற்றிக் கொள்ள என்னிடம் இரட்டையாக இருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, சனி காலை தட்டெழுத்தாளரோடு குறிகட்டுவானில் வள்ளம் ஏறினேன். கடல் அசையாமல் கிடந்தது.

இரண்டு பக்கமும் கல்வேலி போன பாதையில் நடந்து அவள் வீட்டை அடைந்தோம். அவளுடைய மச்சாள் மாட்டுப் பட்டியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தா. முப்பது வயதிருக்கும்; நான் அக்கா என்றே கூப்பிட்டேன். கதிரை எடுத்துப் போட்டு, மோர் தந்து, வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"அது கும்பத்துக்கு முன்னாலையல்லோ கிடக்கு, பிள்ளை."

நான் விளங்காமல் இருந்தேன்.

"புத்தகமெல்லாம் பூசையிலை வைச்சாச்சு. நாளைக்கு விடிய ஏடு தொடக்கினாப் பிறகுதான் எடுக்கலாம். இண்டைக்கு ஏலாது."

"கொமிக்ஸையுமோ?" என்றேன்.

"அதென்ன, எழுத்து இல்லையோ அதிலை?"

வள்ளம் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், குடை, தண்ணீர்ப் போத்தல், ஈரம் படாமல் சுற்ற ஒரு பொலித்தீன் பை எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தேன். எனக்கு ஏன் அன்று ஓய்வு கிடைத்தது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. என் கவராயத்தைப் பிடித்து வைத்திருந்த அதே பூசைதான் அந்தப் புத்தகத்தையும் பிடித்து வைத்திருந்தது.

"நீர் ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?" என்று தட்டெழுத்தாளரைக் கேட்டேன்.

"நான் என்னத்தைக் கண்டன்? பூசைக்கும் நிண்டிட்டுப் போகத்தான் வாறீர் எண்டு நினைச்சன். புத்தகத்துக்காக மட்டும் ஆராவது கடல் தாண்டுவினமோ?"

திரும்பிப் போன வள்ளத்தில் அம்மாவுக்குச் செய்தி சொல்லி அனுப்பினோம். இரவு பூசையில் நானும் நின்றேன். படத்தின் முன்னால் பள்ளிப் புத்தகங்களின் மேல் அந்தக் கொமிக்ஸ் கட்டு இருந்தது. அவலும் கடலையும் வாழைப்பழமும் அதை முக்கால்வாசி மறைத்தன. என்னால் இலக்கத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

விடிந்து தீபம் காட்டியதும் அக்கா அந்தப் புத்தகக் கட்டை எடுத்து நேரே என் கையில் தந்தா.

"ஏடு தொடக்க ஒரு பக்கம் வாசியும்."

அப்போதுதான் அதை நன்றாகக் கண்டேன். பத்துப் பன்னிரண்டு புத்தகங்களைச் சேர்த்து, வலை பின்னும் நூலால் முதுகில் தைத்திருந்தா. முப்பத்தேழு நடுவில் இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் வலது மேல் மூலையில் சந்தனப் பொட்டு; ஆண்டுக்கு ஒன்றாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து மஞ்சள் ஊறியிருந்தது. நான் முதல் பக்கத்தை உரத்து வாசித்தேன். வெளிச்சவீட்டில் விளக்கை அணைத்துக் கப்பல்களைக் கவிழ்க்கும் திருடர்களின் கதை. இத்தனை காலம் தேடிய கதை சுமார்தான். ஆனாலும் கேட்காமலே அடுத்த பக்கத்தையும் வாசித்தேன்.

"இது தைச்ச கட்டு. ஒண்டை உருவினா மற்றதும் கழண்டுபோம்" என்றா அக்கா.

"நான் திருப்பித் தைச்சுத் தாறன், அக்கா. இதுக்குப் பதிலா ரெண்டு கொண்டுவந்தனான்."

அக்கா இரண்டையும் வாங்கிப் பார்த்தா. "இது என்னட்டை இருக்கு. இது என்ன, பேயோ?"

"ஓம், பேய்க் கப்பல்."

"ஐயோ, வேண்டாம். இவர் அக்கரைக்குப் போனா நான் தனியப் படுக்கிறனான்."

தட்டெழுத்தாளர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும், மச்சாள்? சொல்லித் துலையுங்கோவன், வள்ளம் போகப்போகுது."

அக்கா சிரிக்கவில்லை. "சோளகக் காத்துப் பிடிச்சா இஞ்சை வள்ளம் ஒழுங்கா வராது. பேப்பரும் இல்லை. காத்துத்தான். இந்தக் கட்டை நான் பாடமாக்கிப்போட்டன். உம்மட்டை மிச்சமெல்லாம் கிடக்கெண்டு இவள் சொன்னவள். இதைக் கொண்டுபோம். ஆனா வைகாசியிலை அறுபத்து நாலையும் எனக்கு அனுப்பவேணும். காத்து விழத் திருப்பி அனுப்புவன்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது வள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீர். பிறகு இந்த நூலும் ஊசியும். படி தாண்டாத புத்தகங்கள் முழுமையடைய வேண்டுமென்றால் எல்லாமே படி தாண்ட வேண்டும். மறுத்தால் வெள்ளைக் கட்டத்தோடு வீடு திரும்ப வேண்டும்.

"தைக்க மாட்டியளே?" என்றேன்.

"உம்மடையிலை நான் ஏன் கை வைக்கிறன்?"

"ஓம்" என்றேன்.

நூலை நானே வெட்டினேன். மிச்சத்தைப் பழைய துளைகளிலேயே திருப்பித் தைத்துக் கொடுத்தேன். அக்கா இழுத்துப் பார்த்துவிட்டு, "பறவாயில்லை" என்றா.

வீட்டுக்கு வந்து கட்டத்தை நிரப்பிப் பேனையைக் கழுவி வைத்தேன். புத்தகத்தை அதன் இடத்தில் வைத்தபோது அந்தப் பொட்டு உறுத்தியது. ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். அட்டையின் நிறமும் சேர்ந்து கிளம்பியதால் விட்டுவிட்டேன். அறுபத்து மூன்று சுத்தமான அட்டைகளுக்கு நடுவே மஞ்சள் மூலையோடு ஒன்று.

வைகாசி வந்தது. ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வேப்பிலை போட்டு அறுபத்து நான்கையும் அடுக்கி, மூடி விளிம்பில் மெழுகுதிரியை உருக்கி விட்டேன்.

"வாசலுக்கு வந்த சனத்துக்குக் குடாதவள், நெடுந்தீவுக்கு அனுப்பிறாளாம்" என்றா அம்மா.

குறிகட்டுவானில் வள்ளக்காரர் தகரத்தைத் தூக்கிப் பார்த்து, "உள்ளுக்கை என்ன தங்கச்சி, நகையோ?" என்றார்.

"புத்தகம், அண்ணை."

"நகையெண்டா மடியிலை வைச்சுக் கொண்டுபோவன். புத்தகமெண்டா நீர் சொல்லுற இடத்திலை வைக்கிறன்."

சுருட்டி வைத்திருந்த பாய்க்கு மேலே, கால் படாத இடத்தைக் காட்டினேன்.

பிறகு காற்றுப் பிடித்தது. அலுமாரியைத் திறந்தால் கதவில் தாள் முழுக்க நீலம். உள்ளே தட்டு வெறுமை. தட்டெழுத்தாளரும் பல கிழமைகள் ஊருக்குப் போகவில்லை. கேட்க ஆளில்லை. நான் அந்தத் தட்டைத் துடைத்துப் புதுத் தாள் விரித்து வைத்தேன்.

புரட்டாதியில் காற்று விழுந்தது, வள்ளங்கள் ஓடின, தகரம் வரவில்லை. மெதுவாகத் தட்டெழுத்தாளரைக் கேட்டேன்.

"பூசை முடியட்டுமாம்" என்றாள்.

விஜயதசமி கழிந்த அடுத்த நாள் மாலை தகரம் வந்தது. மூடி விளிம்பில் மெழுகு புதிதாக உருக்கி விடப்பட்டிருந்தது. உள்ளே வேப்பிலையும் புதிது. ஒன்றும் நனையவில்லை, ஒன்றும் மடியவில்லை, தைத்த துளை எதுவும் இல்லை. ஆனால் அறுபத்து நான்கு அட்டைகளிலும் வலது மேல் மூலையில் சந்தனப் பொட்டு. ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில், ஒரே அளவில், மூலைமட்டம் வைத்தது போல.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு என் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தா. நான் புத்தகங்களை இலக்கப்படி அடுக்கினேன். முப்பத்தேழு எங்கே என்று இப்போது பார்த்தவுடன் தெரியவில்லை. முதுகைத் தடவி, நூல் போன துளைகளைத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

பிஸ்கட் தகரத்தைக் குசினியில் மா போட்டு வைக்கக் கேட்டா அம்மா. கொடுக்கவில்லை. வைகாசிக்குத் தேவை.