காளியாயியின் ஓர நிரை

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் சமமான தேயிலை நிரைக்கு முண்டியடிக்கும்போது, காளியாயி காட்டோரத்து நிரையைக் கேட்டு நிற்கிறாள். செங்குத்துச் சரிவு, அட்டைக்கடி, வழுக்கல் எல்லாம் சேர்ந்த இடம் அது. நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அதை விரும்பிக் கேட்ட வேறு பெண்ணை நான் கண்டதில்லை. விறகு பொறுக்கத்தான் இந்தத் தந்திரம் என்று கங்காணி செல்லசாமி கொஞ்ச நாள் அவளை உளவு பார்த்தார். பார்த்தபின் வெட்கப்பட்டுப்போய், தினமும் அந்த நிரையை அவளுக்கே ஒதுக்கிவிடுகிறார்.

காரணம் வயிறு. "நடு நெரயில நின்னா அவசரத்துக்கு எங்க ஓடுறதுங்க? மலையே வேடிக்கை பாக்கும்" என்கிறாள், சிரிக்காமல்.

தோட்டத்து மருந்துக்காரர் பூச்சி என்று சொல்லிப் பேதிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரத்தம் போய் மயங்கி விழுந்த பிறகுதான் லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் இரண்டு நோய் என்றார். இரைப்பையில் புண், அதோடு சேராத இன்னொன்று, குடல் அழன்று புண்ணாவது. இரைப்பைக்கான வெள்ளை மருந்து குடலைக் கலக்குகிறது. குடலுக்கான மாத்திரை இரைப்பையை எரிக்கிறது.

"ரெண்டு கங்காணிகிட்ட ஒரே ஆளு வேலை செய்யிற மாதிரிங்க. ஒருத்தர்கிட்ட நல்ல பேரு வாங்குனா மத்தவருக்கு ஆகாது."

ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் அவளுக்கு ஆகா. பறிப்பது தேயிலை, ஆனால் பால் விடாத சாயத் தண்ணீர் ஒரு மிடறு இறங்கினாலும் நெஞ்சு எரியும். தோட்டத்தில் அரிசியோடு போடும் கோதுமை மாவைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மாவிடம் கொடுத்து, அரிசி வாங்கிக்கொள்கிறாள். அதைக் குழையக் கஞ்சி காய்ச்சி, போத்தலில் ஊற்றி மலைக்கு எடுத்துப் போகிறாள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கயிற்றை இறுக்கும்போது வயிற்றைத் தட்டிச் சொல்வாள்: "பேரு விழுற வரைக்கும் பொறு."

பேர் விழுவது என்றால் முழுநாள் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான். அவளுக்கு அடிக்கடி அரைப் பேர் விழுந்ததால், இன்னொரு தரம் குறைந்தால் சீக்காளி என்று நிறுத்திவிடுவதாகத் துரை சொல்லியனுப்பியிருந்தார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். புருஷன் இல்லாதவளுக்கு வேறு கூரை ஏது?

போன வாரம் நான் மலைக்குப் போயிருந்த அன்று, அவள் காட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. அவள் மறைந்திருந்த நேரம் பார்த்து, வீரம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி, அவள் இறக்கி வைத்திருந்த கூடையில் போட்டாள். பார்த்த எனக்கு நிம்மதியாக இருந்தது.

நிறுக்கும் இடத்தில் காளியாயி கூடைக்குள் கைவிட்டுத் துழாவினாள். வீரம்மாவின் அவசரக் கை முற்றிய இலையையும் சேர்த்துப் பறிக்கும். காளியாயி அதைத் தடவியே கண்டுபிடித்து, வாரி வீரம்மாவின் கூடையிலேயே திருப்பிப் போட்டாள்.

"வெச்சுக்கங்கக்கா. கொறஞ்சா ஒங்கள நிப்பாட்டிருவாங்க" என்றாள் வீரம்மா மெதுவாக.

"இன்னிக்கு நீ போடுவ. நாளைக்கு? என்னால முடியுதான்னு எனக்கே தெரியணும்டி."

தராசு முள் ஆடியது. கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

"காளியாயி, முழுப் பேரு" என்றார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. வயிற்றை ஒரு தரம் தட்டிக் கொடுத்து, படங்குக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.