ஃபுசாயே அக்கா விட்டுக்கொடுத்த பாட்டு

என் காபிக் கடையில் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பாட்டு தொடங்கிவிடும். பன்னிரண்டு பேர் வருவார்கள். எழுபதைத் தாண்டாதவள் நான் ஒருத்திதான். ஒருவர் ஊறுகாய் கொண்டுவருவார், இன்னொருவர் ஆரஞ்சு. நண்டுக் காலம் என்றால் அவித்த நண்டுக்கால் ஒரு பொட்டலமாவது வந்துவிடும். கரோக்கே பெட்டி இசையைப் போட, திரையில் வரிகள் ஓட, மைக்கைப் பிடித்துப் பாட வேண்டியதுதான். முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று பெட்டியே மதிப்பெண்ணும் போட்டுவிடும். எங்கள் சாகாய்மினாத்தோ துறைமுகத்தில் பாட ஆசையில்லாத கிழவர்களை நான் கண்டதில்லை. வெட்கப்படுகிறவர்கள் உண்டு. அந்த வெட்கம் நாலு வாரம் தாங்காது.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருவர் சொந்தமாக்கிக்கொண்ட பாட்டை இன்னொருவர் தொடக்கூடாது. "குடையோடு நிற்கிறேன்" என்பது கதோவாகி ஃபுசாயே அக்காவின் பாட்டு.

அக்கா ஓக்கித் தீவில் பிறந்தவர். பதினைந்து வயதில் படகேறி வந்து நண்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். நாற்பத்தாறு வருஷம் கத்தரிக்கோலால் நண்டுக்காலைக் கிழித்துச் சதை எடுத்ததில் வலது கை விரல்கள் ஒரு பக்கமாக வளைந்தே போயின. புருஷன் கணவாய் மீன் படகில் எஞ்சின் பார்த்தார். மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். ஈரல் கெட்டு ஐம்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்கு மறு வருஷம், ஆண்டுக் கடைசி விருந்தில் மேஸ்திரி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து மேடையில் நிறுத்திவிட்டார். தொழிற்சாலை ரேடியோவில் கேட்டுக் கேட்டு மனதில் ஏறியிருந்த ஒரே பாட்டைப் பாடினார் அக்கா. படகுத்துறையில் ஒருத்தி குடையோடு காத்திருக்கிறாள், படகு வருகிறது, அவன் இறங்கவில்லை. பாட்டு அவ்வளவுதான். அன்று நானும் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாகே மது ஊற்றிக்கொண்டிருந்தவள் ஊற்றுவதை மறந்து நின்றேன். அன்றிலிருந்து அந்தப் பாட்டு அவருடையது. வாய் துடுக்கு, முன்கோபம், யாரையும் ஒரு சொல்லில் கவிழ்த்துவிடுவார். கண்ணை மூடி இந்தப் பாட்டைப் பாடும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் தாருமி-சான் வந்து சேர்ந்தார். ஹிமெஜியில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்ததும் மகள் யுகினோ தன் பக்கத்தில் அழைத்து வைத்துக்கொண்டாள். உட்காரும்போதும் எழும்போதும் தலைகுனிந்து வணங்கும் மனிதர். முதல் நாள் நான் வற்புறுத்தியதும் எழுந்து நின்று, யாரும் எதிர்பாராதபடி "குடையோடு நிற்கிறேன்" பாடிவிட்டார். அழகாகத்தான் பாடினார். பெட்டி தொண்ணூற்றொன்று கொடுத்தது. அக்கா எண்பத்தெட்டைத் தாண்டியதே இல்லை. ஒருவரும் கைதட்டவில்லை. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் தாருமி-சான் முகம் சிவந்துவிட்டது. மறுநாளே ஒரு பெட்டி இனிப்போடு அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார், அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பாட்டுதானாம். மனைவி சமையலறையில் பாடுவாராம். இவர் பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு கேட்பாராம். மனைவி இருந்தவரை இவர் வாயைத் திறந்து பாடியதே இல்லையாம். இனிமேல் பாடமாட்டேன், வந்து உட்கார்ந்திருக்க மட்டும் அனுமதியுங்கள் என்றார்.

மூன்று வாரம் கழித்து அக்கா வந்தார். மற்றவர்கள் சொல்லி எல்லாம் காதுக்குப் போயிருந்தது. தன் பாட்டைப் பாடி முடித்தார். எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் தாருமி-சான். அக்கா அவர் முன்னால் போய் நின்றார்.

"இப்படி உக்காந்து தட்டிக்கிட்டே இருந்தா எனக்குத் தொண்டை அடைக்குது. அடுத்த வாரம் நீங்க பாடுங்க. அதுக்கு அடுத்த வாரம் நான்."

"கதோவாகி-சான், அது உங்க பாட்டாச்சே."

"தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டுப் பாடுங்க."

அப்படி ஆரம்பித்தது. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவர். அவர் முறையில் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். கால் மட்டும் தாளம் போடும். பனிக்காலத்தில் இருவரும் ஊறுகாயை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அவர் போடும் முள்ளங்கி ஊறுகாயில் உப்பு போதாது என்று வாராவாரம் திட்டிக்கொண்டே அக்கா தின்று தீர்ப்பார்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, அவருடைய முறை. வரவில்லை. யுகினோ ஓடிவந்து சொன்னாள், காலையில் அப்பா குளியலறையில் விழுந்து கிடந்தாராம், மூளையில் ரத்தக் குழாய் அடைப்பாம். அன்று அந்தப் பாட்டை யாரும் பாடவில்லை. அக்காவும் பாடவில்லை.

ஆறு வாரம் கழித்து, கை, கால், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனைக்கு அவரை மாற்றிய பிறகு நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். வலது கை மடியில் உயிரில்லாமல் கிடந்தது. எங்களை அடையாளம் தெரிந்தது, கண்ணில் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அதோ... அதோ..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. திரும்பத் திரும்ப அதே சொல். வணங்கி வணங்கிப் பேசிய மனிதர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அக்கா தனியாகப் போயிருக்கிறார். நடந்ததை யுகினோதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள், அழுதுகொண்டே. அக்கா கட்டிலருகே உட்கார்ந்து மழையைத் திட்டினாராம், பேருந்தைத் திட்டினாராம், என் காபியையும் விடவில்லையாம். திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், போன மாதம் உங்கள் முறை போய்விட்டது, இப்போது உங்களுக்குப் பதிலாக நானே பாடுகிறேன் என்று மெல்லிய குரலில் தொடங்கியிருக்கிறார். இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. "அதோ" இல்லை. சொற்கள். மழை, துறை, குடை, எல்லாம் தெளிவாக. முதல் சரணம் முழுக்கப் பாடி முடித்தார் தாருமி-சான். பிறகு யுகினோவின் பெயரைச் சொல்ல முயன்றார். "அதோ" என்றுதான் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களை உட்காரவைத்து விளக்கினாள். தலைக்குள் பேச்சு ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம். ஒரு கதவு திறந்ததால் மற்றதும் திறந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள், ஆனால் இந்தப் பக்கமிருந்து தட்டிப் பார்க்கலாம் என்றாள்.

"தட்டுறதுதானே, தட்டிடலாம்" என்றார் அக்கா.

வாரத்தில் மூன்று நாள், யோனாகோவில் பேருந்து மாறி, ஒரு மணி நேரப் பயணம். அப்போது அக்காவுக்கு எழுபத்தேழு வயது. அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி, தாருமி-சானின் இடது கையைத் தன் வளைந்த விரல்களால் பிடித்து, அசைக்கு ஒரு தட்டு தட்டி, "தண்ணி வேணும்" என்பதைப் பாட்டின் முதல் வரி மெட்டில் பாடுவார். "கால் வலிக்குது" இரண்டாம் வரி. "யுகினோ" என்ற பெயருக்கு மூன்றாம் வரியின் கடைசி இழுப்பு சரியாகப் பொருந்தியது. மே மாதம் அந்தப் பெயர் வந்தது, மெட்டோடு. தினமும் தன் பெயரை அப்பா பாடிக் கூப்பிடுவதைக் கேட்கத்தான் வேலை முடிந்து ஓடி வருகிறேன் என்றாள் யுகினோ.

எல்லா நாளும் அப்படி இல்லை. சில நாள் அவர் அக்காவின் கையை உதறிவிடுவார். ஒரு நாள் தலையணையை வீசினார். அக்கா அதை எடுத்துத் திரும்ப அவர் மேலேயே வீசிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். அன்று இரண்டு பேருமே அழுதார்கள் என்பது யுகினோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூனில் ஒரு நாள் அக்கா உற்சாகத்தில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். தாருமி-சான் அவர் கையை அழுத்தி நிறுத்தினார். உதட்டைக் குவித்தார், விரித்தார்.

"சத்தம்" என்றார். நெடுநேரம் கழித்து, "ஜாஸ்தி."

மெட்டே இல்லாமல் வந்த முதல் சொற்கள் அவை. அக்கா நடைபாதைக்குப் போய், எதிரே வந்த நர்ஸ்களிடமெல்லாம், என்னை அவமானப்படுத்திவிட்டார், கேட்டீர்களா, என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நின்றாராம்.

அக்டோபரில் தாருமி-சான் கடைக்கு வந்தார், கைத்தடியோடு. ஐம்பது அறுபது சொற்கள் மீண்டிருந்தன, மற்றதெல்லாம் சைகை. மைக்கை இடது கையில் கொடுத்தோம். இரண்டு சரணமும் பாடினார். குரல் உடைந்தது, இழுக்க வேண்டிய இடத்தில் மூச்சுப் போதவில்லை, ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை. பெட்டி எழுபத்து நான்கு போட்டது. இதற்குக் காது கிடையாது என்று அக்கா பெட்டியைத் தட்டினார்.

அடுத்த புதன் அக்காவின் முறை. நான் அந்தப் பாட்டைப் போடப்போனேன். அக்கா தடுத்தார்.

"வேண்டாம் சச்சியோ. இனிமே அது அவரோடது. முறையெல்லாம் கெடையாது."

"நீங்க என்ன செய்வீங்க அக்கா? இருபது வருஷத்துப் பாட்டு."

"எனக்கு அது பாட்டு. அவருக்கு அதுதான் வாய். வாயை யாராவது வாரம் விட்டு வாரம் கடன் வாங்குவாங்களா?"

சொல்லிவிட்டு, கழுவ வேண்டாத கோப்பையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

இப்போது அக்கா புதிய பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறார். "சூரை மீன் கல்யாணம்" என்று ஒரு வேகப் பாட்டு; நடுவில் பன்னிரண்டு மீன்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஏழாவது மீனில் மூச்சு நின்றுவிடும். எட்டாவதிலிருந்து நாங்கள் எல்லாரும் கத்தி இழுத்துக்கொண்டு போவோம். தாருமி-சான் இடது கையால் மேஜையில் தாளம் தட்டுவார். போன வாரம் அறுபத்தொன்று வந்தது. அக்கா பெட்டியை முறைத்துவிட்டு மைக்கை வைக்கப்போனார். தாருமி-சான் ஒரு விரலை உயர்த்தி, சொற்களைத் தேடிப் பிடித்து, "இன்னொரு... தடவை" என்றார். நான் மறுபடியும் பாட்டைப் போட்டேன்.