தம்பி சொன்ன சாட்சி

தம்பி இறந்த நாற்பத்தொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வள்ளூர்ப் பக்கம் போனோம்: நான், என் மனைவி, தம்பியின் மனைவி. திருவொற்றியூரில் ரயில் ஏறி அத்திப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ. காலை ஒன்பது ஐம்பதுக்குத் தம்பி போய்வந்த பெந்தெகொஸ்தே சபையின் வாசலில் இருந்தோம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள்.

நாங்கள் ராயபுரம் மாதா கோயிலில் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். தம்பி மட்டும், மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்த கடைசி இரண்டு வருடம், ஷிப்ட் முடிந்து இந்தச் சபைக்கு வந்துகொண்டிருந்தான். இங்கே யாரிடமும் எங்கள் முகவரி இல்லை. அவன் போன செய்தியை நேரில் சொல்லிவிட வேண்டும் என்று அவன் மனைவிதான் கேட்டாள்.

எனக்கும் அவனுக்கும் ஒன்றரை வயது வித்தியாசம். ஒரே முகம் என்பார்கள். புறப்படும்போது அதை நான் யோசிக்கவில்லை.

வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்தோத்திரம் பிரதர். இன்னா, ஆளையே காணோம்? வேற சபையாண்ட பூட்டீங்கன்னு நெனச்சோம். நல்லா தேறிக்கினீங்க."

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. நான் பதில் சொல்வதற்குள் ஆண்கள் பக்கத்துப் பாயில் உட்காரவைத்துவிட்டார். பலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எதுவும் எனக்கு உரியதல்ல. ஆராதனை முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பாட்டுக்குப் பிறகு சாட்சி நேரம். அவரவர் எழுந்து தங்களுக்கு நடந்த நன்மையைச் சொல்வது இங்கே வழக்கம். நீலச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்தாள்.

"எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சி அஞ்சு மாசமாவுது. இதோ குந்திகினு கீறாரே இந்த பிரதர், இவருக்கும் அதான். அன்னிக்கு இங்க நின்னு சொன்னாரு, சொகமாயிட்டேன், மாத்திரைய வுட்டுட்டேன்னு. இவர நெனச்சித்தான் நானும் புதங்கெழமையிலேருந்து அவருக்கு மாத்திரை குடுக்கல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் தம்பியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அப்படிச் சாட்சி சொன்னது அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

எழுந்தேன். "நான் அவன் இல்லம்மா. அவனோட அண்ணன். அவன் இறந்துட்டான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "வெளையாடாதய்யா. நீதான அது."

"இல்லம்மா. அதோ, அவன் சம்சாரம்."

திரும்பித் தம்பியின் மனைவியைப் பார்த்தாள். தாலி இல்லாத அவள் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மாத்திரைய வுட்டு எத்தினி நாள் இருந்தாரு?"

அது எனக்குச் சரியாகத் தெரியும். அடக்கம் முடிந்த மறுநாள், அவன் பையில் கிடந்த மாத்திரைப் பட்டைகளில் மீந்ததை எண்ணிக் குறித்துவைத்திருக்கிறேன்.

"பத்தொம்பது."

அவள் விரல்களை மடக்கினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்தாவது விரலை மடக்கவில்லை.

"காலைல தூங்கிகினு இருந்தாரு," என்றாள். "எழுப்பாம வந்துட்டேன்."

பைபிளைப் பாயிலேயே விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் வெயிலில் இறங்கி ஓடினாள்.