நாலு பேருக்கு மேல் கூடாது

படிப்பு வேண்டாம் என்று ஓடியவர்களைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பதுதான் எங்கள் தொழில். உட்கார வைத்த பிறகு பாடம் நடத்துவது உபரி வேலை. வாத்தியார் வேலை பார்த்துத் தொண்டை கட்டிப்போன அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு சுக்குக் காப்பி போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நாமெல்லாம் ஒரே இனம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் விருதுநகரில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் மூன்று குட்டிப் பள்ளிகளை நடத்தியது. எட்டாவதோடு நின்றுபோய்ப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைக்குப் போனவர்களைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைப்பது நோக்கம். சிவகாசிப் பள்ளிக்கு டீச்சர், ஹெட்மாஸ்டர், பியூன் எல்லாம் நான்தான். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். காலை ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கும். எட்டு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தால் வகுப்பு முடிந்தது. அதனால் பள்ளிக்கு ஒரு மணி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பின்னால் என் உயிரை வாங்கியது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. சந்தோஷம் வந்தால் குதிப்பேன், கோபம் வந்தால் கத்துவேன், ரகசியம் என்று யாராவது சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே சொல்லிவிடுவேன். இதையும் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

ஒற்றைக் கதவு

ஓர் அச்சாபீஸின் பழைய லேபிள் குடோன்தான் எங்கள் பள்ளி. நல்ல நீளமான அறை. முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். சுவர் முதல் சுவர் வரை பாய் விரித்து வைத்திருந்தேன். பத்தொன்பது பேரும் கதவை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அறையில் முக்கால்வாசி காலி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போயிற்று. "ஓடிப் போறதுக்கு வசதியாவா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கத்தினேன்.

பேச்சியம்மாள் என்ற பெண் எழுந்தாள். பதினெட்டு முடிந்ததும் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தவள், புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. "ஆமா டீச்சர், ஓடுறதுக்குத்தான்" என்றாள். "எங்க கம்பெனியில ரூமுக்கு நாலு கதவு. நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுன்னு சட்டம். இங்கன ஒத்தக் கதவுதான இருக்கு?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே அச்சாபீஸ் முதலாளியிடம் போய், எதிர்ச் சுவரில் இன்னொரு கதவு வேண்டும் என்று நின்றேன்.

மனுஷர் முதலில் முறைத்தார். ஆனால் ஒரே வாரத்தில் கொத்தனாரை அனுப்பிச் சுவரை இடித்துக் கதவு போட்டுக் கொடுத்தார். மறுநாள் பத்தொன்பது பேரும் அறை முழுக்கப் பரவி உட்கார்ந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, முதலாளியைக் கையோடு கூட்டி வந்து காட்டினேன். அவர் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்களையெல்லாம் கதவைப் பூட்டிப் போட்டுப் படிக்க வச்சாக. ஓடுறதுக்கு வழி வச்சாத்தான் படிப்பேங்கிற செட்டை இப்பத்தாம்மா பாக்கேன்."

கட்டுக்குள் எத்தனை

அல்ஜீப்ரா நடத்தி நொந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு வாய் காப்பி குடிக்கலாம். எக்ஸ் என்றால் என்ன என்று ஒரு வாரம் சொன்னேன். பழத்தை வைத்துச் சொன்னேன், வயதை வைத்துச் சொன்னேன். பத்தொன்பது முகமும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தன. எட்டாம் நாள், மூன்று எக்ஸுடன் பன்னிரண்டைக் கூட்டினால் நூற்றைம்பத்தாறு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அலுத்துப்போய்த் திரும்பினேன். தீப்பெட்டி ஆபீஸில் கட்டு கட்டுகிற ராஜபாண்டி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், எக்ஸுங்கிறது பிரிக்காத கட்டா?" என்றான். "மூணு கட்டு இருக்கு. மேல உதிரியா பன்னெண்டு பெட்டி. உதிரியைத் தள்ளுனா நூத்து நாப்பத்து நாலு, ஒரு குரோஸ். குரோஸுல மூணுல ஒரு பங்கு நாப்பத்தெட்டு. கட்டுக்கு நாப்பத்தெட்டு." பன்னிரண்டு டஜன் சேர்ந்தது ஒரு குரோஸ், தீப்பெட்டி ஆபீஸில் அதுதான் எண்ணிக்கை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நான் குதித்த குதியில் சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது. அன்று காலை முழுக்கக் கட்டு, உதிரி, கட்டு, உதிரிதான். வேன் ஹாரன் அடித்தும் ஒருவரும் எழவில்லை. அப்படி ஒரு காலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. போகும்போது ராஜபாண்டி கேட்டான்: "இதை வச்சா டீச்சர் எங்களை ஸ்கூலை விட்டு விரட்டுனாக?"

மெழுகுவர்த்திப் பாடம்

வந்த உற்சாகத்தில் அறிவியலையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். எரிவதற்குக் காற்று வேண்டும் என்பது பாடம். மெழுகுவர்த்தியை ஏற்றி அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் அணைந்துவிடும். எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். தீக்குச்சியை எடுத்து உரசினேன். உரசிய சத்தம் அடங்குவதற்குள் அறை காலி. பதினெட்டுப் பேர் இரண்டு கதவு வழியாகவும் வெளியே போய்விட்டார்கள். போகாமல் நின்றவள் பேச்சி ஒருத்திதான். அவள் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி, மெழுகுவர்த்தி, அறிவியல் புத்தகம், நான் என்று வரிசையாக ஊற்றினாள்.

சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "நீ மட்டும் ஏன் ஓடலை?" என்று கேட்டேன். சேலையைப் பிழிய உதவிக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். அவள் அக்கா வேலை பார்த்த அறையில் சீசன் நேரத்தில் ஏழு பேரை உட்கார வைத்திருந்தார்களாம். கதவு நாலு. தீப்பிடித்தபோது அக்கா ஏழாவது ஆளாக வெளியே வந்தாள். அவளுடைய வலது கை இன்னும் மடங்காது. ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சொல்கிற அதிகாரம் போர்மேனுக்குத்தான் இருக்கிறது, அதனால் தான் போர்மேன் ஆக வேண்டும் என்றாள். அவள் கம்பெனியில் தை மாதம் போர்மேன் பயிற்சிக்கு இரண்டு பேரை எடுக்கப் போகிறார்கள். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் வருகிற பரீட்சையை விட்டால் இடம் போய்விடும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஈரத்தினால் மட்டும் இல்லை. "அதுசரி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றேன். பேச்சி சொன்னாள்: "எல்லாரும் போன பொறவுதான் டீச்சர் போர்மேன் வெளிய போகணும்."

போர்மேனிடம் லீவு

பரீட்சை சரியாகச் சீசன் உச்சத்தில் வந்து விழுந்தது. அந்த நேரத்தில் பட்டாசுக் கம்பெனியில் லீவு கேட்பதும், கல்யாணப் பந்தியில் சமையல்காரரிடம் லீவு சொல்வதும் ஒன்று. நானே வெம்பக்கோட்டைப் பக்கம் பஸ் ஏறிப் போய்க் கம்பெனி வாசலில் போர்மேன் தங்கராசு அண்ணாச்சியைப் பார்த்தேன். "லோடு நிக்கி டீச்சர். ஒரு நாளுன்னாக்கூடப் பரவாயில்ல, பரீட்சை பூராவுக்குமா?" என்று தலையை ஆட்டினார். அந்த இடத்தில் என் வியாதி எட்டிப் பார்த்தது. "பேச்சி சும்மா எழுதலை அண்ணாச்சி, போர்மேன் ஆகப் போறா. ரூமுக்கு நாலு பேருக்கு மேல விடவே மாட்டாளாம்" என்று ஆர்வக் கோளாறில் கொட்டிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. கெடுத்தோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணாச்சி தூரத்தில் வரிசையாக நின்ற சின்னச் சின்ன அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "என் வேலைக்கே ஆள் தயார் பண்ணிட்டு, அதுக்கு லீவும் எங்கிட்டயே கேக்கீக. போயி எழுதச் சொல்லுங்க. நாலு பேருதான்னு மொதலாளிகிட்ட நிமிந்து சொல்ல என்னால ஆகல. அவளாச்சும் சொல்லட்டும்."

மணி அடித்தது

கணக்குப் பரீட்சை. மையம் வேறொரு ஊர்ப் பள்ளியில். அறையில் இருபது பேர்; பதினொருவர் பரீட்சைக்குப் பணம் கட்டிய நம் பிள்ளைகள், மற்ற ஒன்பது பேரும் ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் நான் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சைக்கிள் கேரியரில் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது, விடைத்தாளை நூலால் கட்டுவது எல்லாவற்றையும் பழக்கியிருந்தேன். மணியை மட்டும் மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஆனதற்கு அடையாளமாக ஒரு தட்டு தட்ட வேண்டிய ஆள், அன்றைக்கு வேலைக்குப் புதுசு போலிருக்கிறது. தண்டவாளத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் அடித்தார். பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிகளில் நிற்காமல் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான். எங்கோ தீப்பிடித்துவிட்டது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு.

இருபது பேரும் ஓடி வந்து மைதானத்து வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள். கடைசியாக வந்தவள் பேச்சி. முதன்மைக் கண்காணிப்பாளர் பதறி வந்தார். பாதியில் வெளியே போனால் திரும்ப உள்ளே விட முடியாது, அதுதான் விதி என்றார். ஆறு மாதம் காலையில் எழுந்து வந்த பிள்ளைகள், தை மாதத்து இடம், எல்லாம் ஒரு தண்டவாளத் துண்டில் போச்சே என்று சுவருக்கு மேலே எனக்கு அழுகை வந்தது. பேச்சி முன்னால் வந்தாள். "மணி அடிச்சா எதையும் எடுக்காம வெளிய வரணும் சார், அதான் எங்க பழக்கம். உள்ள போயிப் பாருங்க, ஒரு துண்டுப் பேப்பர்கூட நாங்க எடுத்துட்டு வரல" என்றாள்.

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். இருபது விடைத்தாள், இருபது கேள்வித்தாள், மூடியைக்கூட மூடாத இருபது பேனா. சிலருடைய கைக்குட்டைகூட வைத்த இடத்திலேயே இருந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "எல்லாரும் வந்தாச்சான்னு யாரும்மா பார்த்தது?" என்று கேட்டார். பேச்சி சொன்னாள்: "நான்தான் சார் எண்ணுனேன். இருபது பேரும் வந்துட்டோம். அறையைப் பாத்துக்கிட்டிருந்த அந்த சார் மட்டும் இன்னும் உள்ளயே நிக்காரு, அவரை மொதல்ல வெளிய வரச் சொல்லுங்க."

தலை எண்ணிக்கை

உள்ளே விட்டார்கள். போன பன்னிரண்டு நிமிஷம் போனதுதான், அதைத் திருப்பித் தரவில்லை. ரிசல்ட் வந்த அன்று பிரவுசிங் சென்டரில் பேச்சியின் நம்பரை நான் தட்டினேன். பக்கம் திறக்கிறது, திறக்கிறது, திறந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் கணக்கில் முப்பத்தொன்பது, எல்லாப் பாடமும் பாஸ். நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் கம்ப்யூட்டர் எனக்கு ஷாக் அடித்துவிட்டதோ என்று மெயினை அணைத்துவிட்டார். பேச்சி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அந்தப் பன்னெண்டு நிமிஷம் இருந்திருந்தா அம்பது வந்திருக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேனைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷச் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். பயிற்சி முடிந்து அவள் பொறுப்பில் ஆறு அறை. "நாலு பேருதானா?" என்று நான் கேட்காமல் இருக்க முடியுமா? "நாலுதான் டீச்சர். அஞ்சாவது ஆளை யாராச்சும் விட்டா நான் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு ரூமைப் பூட்டிச் சாவியை மொதலாளிகிட்டக் கொண்டு போயிருவேன். ரெண்டு தடவை கொண்டு போனேன். இப்ப யாரும் விடுறதில்ல" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் எங்கள் பள்ளியில் முப்பத்தொரு பேர் ஆகியிருந்தார்கள். அவள் வாசலில் நின்றபடியே விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்ததும் அவள் முகம் மாறியது. என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "முப்பத்தொரு பேருக்கு ரெண்டு கதவு காணாது டீச்சர். பாதிப் பேரைக் கூட்டிட்டு நீங்க வாசல் மரத்தடிக்குப் போங்க. நான் கடைசியா வாரேன்."

ஓடிப் போனவர்களைப் பிடித்து வந்து வகுப்பில் உட்கார வைத்தே ஏழு வருஷம் தேய்ந்த எனக்கு, வகுப்பை விட்டு வெளியே போ என்று உத்தரவு வந்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு நான் குதித்துக்கொண்டே போனேன்.