திருப்பிப் போட்ட ஜாக்கெட்

எங்கள் அண்ணி மயிலம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. அது நல்ல குணம்தானே என்பவர்கள் ஒருநாள் அவளோடு கோர்ட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

என் மூத்த அண்ணனின் மனைவி அவள். அண்ணன் இறந்த பிறகு எங்கள் ஊர் லிங்கி பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். கொன்ட்ரெக்ட் வேலை, விபத்துக் காப்புறுதி ஒன்றும் கிடையாது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். பனிக்காற்று நெஞ்சில் அடிக்கும் என்று, எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுபோல, சட்டைக்கு மேல் போடும் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொள்வாள். வண்டி வெளிச்சம் பட்டு முதுகில் மின்ன வேண்டிய வெள்ளிப் பட்டை நெஞ்சில் மின்னும். பின்னால் வருகிறவனுக்கு வெறும் இருட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் போனபோதுதான், பழம் ஏற்றும் லாரி ஒன்று வளைவில் வேகமாக வந்து பின்னாலிருந்து இடித்தது. வலது முட்டி நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்கு வந்த டிரைவர், "இருட்டுல நீங்க தெரியலைக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தை அண்ணியைப் பேயாகப் பிடித்துக்கொண்டது.

"ஜாக்கெட்ட நேரா போட்டிருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, மாதவி? என் தப்புதான்" என்று ஊன்றுகோலோடு நடக்கும்போதெல்லாம் புலம்புவாள். ராத்திரியில் தூக்கமும் கிடையாது.

லாரிக்காரர்கள் மேல் நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டிருந்தோம். அதனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாய மூடுங்கலா அண்ணி. இது வெளியில தெரிஞ்சா ஒரு காசு வராது. அப்புறம் முட்டி ஆப்பரேஷன எதை வச்சுப் பண்றது? யாரு கேட்டாலும் நேராத்தான் போட்டிருந்தேன்னு சொல்லுங்க." எங்கள் லாயர் சுகுமாறனிடமும் நானே முந்திக்கொண்டு அப்படித்தான் சொல்லிவைத்தேன். அந்தப் பொய் முழுக்க என்னுடையது.

சிரம்பான் கோர்ட்டில் லாரிக்காரர்களின் லாயர் மலாயில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "அன்னைக்கு ஜாக்கெட்ட எப்படிப் போட்டிருந்தீங்க?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே மிரட்டினேன். "திருப்பித்தான் போட்டிருந்தேன்" என்றாள். அதோடு நிறுத்தினாளா? "பின் லைட்டுலயும் சேறு அப்பியிருந்துச்சு. ஆனா லாரி ரொம்ப வேகமாத்தான் வந்துச்சு."

லைட்டைப் பற்றி யார் கேட்டார்கள்? அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரி என்று பல்லைக் கடித்தேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் சுகுமாறன் திட்டியது அவளை இல்லை, என்னைத்தான். "ரெண்டு பக்கமும் தப்பு இருந்தா கேஸ் செத்துப்போயிடாதுக்கா. இவங்க தப்பு எவ்வளவோ அவ்வளவக் கழிச்சுட்டு மீதியக் கொடுப்பாங்க. பொய் சொல்லி மாட்டியிருந்தாத்தான் ஆபத்து. லாரி வேகமா வந்துச்சுன்னு சொன்னதையும் நம்பியிருக்க மாட்டாங்க. ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

எனக்கு முகம் செத்துப்போயிற்று. "எவ்வளவு கழிப்பாங்க, தம்பி?"

"அது ஜட்ஜ் கையில. பாதி கூடக் கழிக்கலாம்."

பாதி போனால் ஆப்பரேஷன் இல்லை. தீர்ப்பு வரும்வரை ஐந்து வாரம் அந்தக் கவலையே என்னை அரித்தது. நான் வேண்டாத சாமியில்லை.

தீர்ப்பு நாளில் நீதிபதி அம்மாள் நிதானமாகப் படித்தார். வளைவில் வேகத்தைக் குறைக்காத லாரி மேல் நாலில் மூன்று பங்கு தப்பு, அண்ணி மேல் ஒரு பங்கு. ஆப்பரேஷனுக்கு அது தாராளம் என்று சுகுமாறன் காதில் சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டேன்.

அண்ணி ஆப்பரேஷனைப் பற்றிக் கேட்கவேயில்லை. "நாலுல ஒரு பங்குதான் என் தப்பா, தம்பி?" என்றாள்.

"ஆமாக்கா."

"மிச்ச மூணும் அவங்களோடதா?"

"ஜட்ஜே சொல்லிட்டாங்களே."

"ரெண்டு வருஷமா நாலையும் நானே தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

திரும்பி வரும்போது கார் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் அண்ணி தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, லிங்கி வரும்வரை தூங்கினாள். எழுப்ப மனம் வராமல் வீட்டு வாசலில் நான் அரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.