அஷ்டமி மாலையும் அப்பாவின் கிருமிகளும்

அகலமான ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே கிருமிகள் வளரும் தட்டுகள், பக்கத்தில் ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி. அப்பா அதைக் கொளுத்தி மூடியைச் சாத்துவார். சுடர் துவண்டு அணையப்போகும் நேரம் பார்த்து, மூடியிலிருக்கும் துளையைத் திருகி அடைப்பார். மலேரியாக் கிருமிக்குப் பிராணவாயு கொஞ்சம் இருந்தால் போதும். மிச்சத்தை மெழுகுவர்த்தி தின்றுவிடும். ஒருமுறை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் எனக்கு அதைக் காட்டினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். பூஜையறை விளக்கு தானாக அணைந்தாலே பதறிப்போகிறவள் அவள். "அணையறதுக்குன்னே விளக்கு ஏத்துற மனுஷர் உலகத்துலயே உங்கப்பா ஒருத்தர்தான்" என்றாள்.

அப்பா மலேரியா ஆராய்ச்சியாளர் என்றால், வங்காளத்தில், நாங்கள் குடியிருந்த காளிகாட்டில், அக்கம்பக்கத்தார் கொசு மருந்து அடிப்பவர் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவருடைய கவலையோ கிருமிகளைச் சாகாமல் காப்பாற்றுவது. மருந்தைச் சோதிக்க முதலில் கிருமி உயிரோடு வேண்டுமே! தினமும் திரவத்தை மாற்ற வேண்டும், புது ரத்தம் ஊட்ட வேண்டும். கைப்பிள்ளைக்காரி படுகிற பாடுதான். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. துர்கா பூஜை வந்தால் இன்னும் மோசம். உடன் வேலை செய்த வங்காளிகள் அண்ணன் முறை வைத்து, "தாதா, பூஜை எங்களுது, கிருமி உங்களுது" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பதிலுக்குப் பொங்கலன்று அவருக்கு விடுப்பு என்று பேச்சு. பொங்கலன்றும் போய்விடுவார். பூஜையின் பெரிய நாளான அஷ்டமியன்று ஊரே புது உடுப்பில் பந்தல் பந்தலாகச் சுற்ற, நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "அடுத்த அஷ்டமிக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன் கண்ணு" என்பார். நானும் ஒவ்வொரு வருடமும் நம்பினேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த அஷ்டமியன்று மத்தியானமே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். குளித்து, சட்டை மாற்றி, "கிளம்பு" என்றார். தம்பி கைக்குழந்தை, அதனால் அம்மா வரவில்லை. தாக் மேளத்தின் முழக்கத்தில் காது அடைக்க, கூட்டத்தில் அவர் என் கையை விடவேயில்லை. தேவி முகம் தெரியவில்லை என்றதும் தோளில் தூக்கிக்கொண்டார். வீடு திரும்ப வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. புச்கா என்கிற பானிபூரி தின்றோம். அவர் கண்ணில் நீர் வழிந்தது. "அப்பா, அழுறீங்களா?" என்றேன். "காரம் கண்ணு, வேற ஒண்ணுமில்ல" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் ஆயுளில் அத்தனை சந்தோஷமான மாலை வேறு இல்லை.

அப்பா காலமானபோது துக்கம் விசாரிக்க வந்த பழைய சகா ஒருவர்தான் அந்த நாளின் மிச்சத்தைச் சொன்னார். ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த, எந்த மருந்துக்கும் அசையாத கிருமியை அப்பா பல மாதங்களாகப் பாடுபட்டு வளர்த்து வந்தாராம். உறைய வைத்துச் சேமிக்கும் அளவுக்கு அது இன்னும் பெருகவில்லை. அந்த அஷ்டமியன்று காலை, போன மின்சாரம் திரும்பி வந்தபோது, கிருமிகளை வெதுவெதுப்பில் வைத்திருக்கும் இன்குபேட்டர் கட்டுக்கடங்காமல் சூடேறி எல்லாம் செத்துவிட்டன. செய்தி கேட்டு ஓடிவந்த இந்தச் சகாவிடம் அப்பா, "இன்னிக்கு இங்கே எனக்கு வேலை இல்லை. பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, ஜாடிகளைக் கழுவி மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

இப்போது அதே ஊரில், சால்ட் லேக்கில் என் வீட்டுக்கு எதிரிலேயே பந்தல் போடுகிறார்கள். பூஜைக்கு எனக்கு நான்கு நாளும் விடுமுறை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கூப்பிட அப்பா இல்லை. இந்த அஷ்டமியன்று தாக் சத்தம் கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "அந்தக் கிருமியெல்லாம் இன்னும் ஒரே ஒரு அஷ்டமிக்குச் செத்துப்போயிருக்கக் கூடாதாம்மா?"

ஆராய்ச்சியாளர் மகள் பேசுகிற பேச்சா இது என்று திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உனக்காவது ஒரு அஷ்டமி கிடைச்சுது" என்றாள்.