அத்தை இழுக்க முடியாத துப்பாக்கி

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வரப்போகும் விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். ஆகையால் நான் எங்கள் சந்தில் இருந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னேன். ராயபுரத்தின் மற்ற சந்துகளுக்கு அது தானாகவே போய்விட்டது. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். அந்த ஒரு வாரம் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அத்தை வீட்டில்தான். அத்தையின் புருஷனான மாமா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. சனிக்கிழமைதோறும் கூலிப் பணத்தைப் பாரிமுனையிலிருந்து எண்ணூருக்குக் கொண்டுபோகும் வேலையைக் காண்ட்ராக்டர் அவருக்குக் கொடுப்பதாக இருந்தார். முன்பு அதைச் செய்துவந்தவரை எர்ணாவூர் சவுக்குத் தோப்புக்கிட்டே அடித்துப்போட்டுப் பையைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால் இனிமேல் துப்பாக்கி பிடிக்கிறவனுக்குத்தான் அந்த வேலை. லைசென்சுக்கும் காண்ட்ராக்டரே ஏற்பாடு செய்துவிட்டார்.

மாமாவின் வலது கைக் கட்டைவிரல் மடங்காது. எப்போதோ கிரேன் சங்கிலியில் மாட்டியதாம். பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலையிடத்தில் யாருக்கும் தெரியவும் தெரியாது. மேஸ்திரிக்கு விசில் ஊதினால் போதுமே. காலையில் அவர் சட்டைக்கு அத்தைதான் பொத்தான் போட்டுவிடுவாள். மேஸ்திரி ஆனவர்களுக்கெல்லாம் பெண்டாட்டி பொத்தான் போட்டுவிடுவாள் என்று நினைத்து, நானும் மேஸ்திரி ஆவதென்று முடிவு செய்திருந்தேன்.

மவுண்ட் ரோட்டுக்கு ட்ராமில் போனோம். மாமா, நான், கைக்குழந்தையோடு அத்தை. அத்தையை யாரும் கூப்பிடவில்லை.

"நீ இன்னாத்துக்கு? மீனா வாங்கப் போறோம்?" என்றார் மாமா.

"மீனுன்னா உன்ன நம்பி வுட்டுருவேன். ஏறு, ஏறு," என்றாள் அத்தை.

துப்பாக்கிக் கடை வாசலில் காண்ட்ராக்டரின் கணக்கப்பிள்ளை காத்திருந்தார். அந்தச் சனிக்கிழமை வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித் தர அவர் அலைந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே எண்ணெய் வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் துணி விரித்து வரிசையாகத் துப்பாக்கிகள். கடைக்காரர் இரண்டை எடுத்து வெளியே வைத்தார். ஒன்று நீளம், வெள்ளி போல மின்னியது, பிடியில் தந்தம். ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனதாம். மற்றது குட்டை, கறுப்பு, அடுப்பங்கரைச் சாமான் மாதிரி. கடைக்காரர் நீளத்தின் குண்டு போடும் உருளையைச் சுற்றிவிட்டார். கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! அந்தச் சத்தத்தை எங்கள் சந்துப் பையன்களுக்கு வாயாலேயே செய்து காட்டி, பிறகு எத்தனையோ நாள் பிழைத்தேன்.

"இதில் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கிற சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். குறி தப்பாது," என்றார் கடைக்காரர். "குட்டையில் அந்த வேலை இல்லை. விசையை அமுக்கினால் சுத்தி தானாக எழும்பித் தானாக விழும். வீடு, வழி, எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் விசை கொஞ்சம் கெட்டி."

"மேஸ்திரிக்கு நீளந்தான் லாயக்கு," என்றார் கணக்கப்பிள்ளை. "பாத்தாலே திருடன் ஓடுவான். எடு மேஸ்திரி. இடது கையில பணப்பை இருக்குதுன்னு வச்சிக்கோ. ஒத்தக் கையால டக்குனு இழுத்துக் காட்டு, பாப்போம்."

எனக்கும் நீளம்தான் வேண்டும். நீளம் என்றுதான் சந்தில் சொல்லிவைத்திருந்தேன்.

மாமா அதை எடுத்தார். கட்டைவிரலைச் சுத்தியின் மேல் வைத்தார். அப்படியே நின்றார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குறி பார்க்கிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மேஸ்திரி, சாமி கும்புடுறியா?" என்று கணக்கப்பிள்ளை சிரித்தார்.

"குடுய்யா இங்க!" அத்தை வெடுக்கென்று துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டாள். கடைக்காரர் பதறி எழுந்தார். இடது இடுப்பில் குழந்தை, வலது கையில் வெள்ளித் துப்பாக்கி. அத்தை கட்டைவிரலால் சுத்தியை இழுத்தாள். பல்லைக் கடித்தாள். முகத்தைக் கோணினாள். சுத்தி அசையவில்லை.

"அய்ய! இன்னாய்யா இது, துருப்புடிச்ச தாப்பா கணக்கா கீது! என் வெரலே ஒடிஞ்சிரும் போலக்கீதே!"

"அம்மா, லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது," என்றார் கடைக்காரர்.

"வாரத்துல ஒரு நாளு அவரு ரோட்டுல. மிச்ச நாளு துப்பாக்கி வூட்டுல. ராவுல திருடன் வந்தா லைசென்ஸ் யாரு பேர்லன்னு கேட்டுகினு நிப்பானா? இடுப்புல புள்ளைய வச்சிகினு நான் இத்த இழுக்க முடியுமா?" நீளத்தைப் பச்சைத் துணிமேல் வைத்துவிட்டுக் குட்டையை எடுத்து மாமாவின் கையில் திணித்தாள். "ந்தா, இத்த அமுக்கிப் பாரு."

மாமா சுட்டுவிரலால் அமுக்கினார். டக். டக். டக். மூன்று தடவையும் சுத்தி எழும்பி விழுந்தது. விசை கெட்டி என்றார்களே, அவர் விரலுக்கு அது வெண்ணெயாக இருந்தது. மாமாவின் முகம் தெளிந்துவிட்டது.

"சரிதான், பொம்பள பேச்சத் தட்ட முடியாது," என்று கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

"பொம்பளத் துப்பாக்கி வாங்கிக்கினு வந்தாருன்னு காண்ட்ராக்டராண்ட சொல்றேன்," என்றார் கணக்கப்பிள்ளை.

"தாராளமா சொல்லுய்யா. இந்தப் பொம்பளயாலதான்னு சேத்துச் சொல்லு," என்றாள் அத்தை.

திரும்பி வரும்போது ட்ராமில் நான் அத்தையின் பக்கத்தில் உட்காரவில்லை. சந்தில் என் மானம் போயிற்றே! இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு சின்னச் சுத்தியை இழுக்கத் தெரியாமல், கையில் வந்த வெள்ளித் துப்பாக்கியைக் கெடுத்துவிட்டாளே என்று ஆத்திரம். மாமாவோ ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் சீட்டியடித்தபடி வந்தார்.

அன்று மத்தியானம் நண்டுக் குழம்பு. எங்களுக்கெல்லாம் அத்தைதான் நண்டு உடைத்துப் போடுவாள். அம்மிக்குழவி வேண்டாம் அவளுக்கு. பெரிய கொடுக்கை எடுத்துக் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து. ஓடு படாரென்று பிளக்கும். வெள்ளைச் சதையை எடுத்து முதலில் மாமாவின் தட்டில் வைத்தாள், பிறகு என் தட்டில்.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்த, இத்த ஒடைக்கத் தெரியுது. அந்தச் சுத்திய மட்டும் ஏன் இழுக்க முடியல?"

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை இன்னொரு கொடுக்கைப் படாரென்று உடைத்து, சதையை என் வாய்க்குள் திணித்தாள்.

"கம்முனு துன்னு," என்றாள்.

சதை இனிப்பாக இருந்தது. நான் கம்மென்று தின்றேன். மாமாவுக்கு எதற்காகக் கண் கலங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. குழம்பில் காரம் கூடிவிட்டது என்று நினைத்து, தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.